ஏகாம்பரம் சார் வரைந்த முகம்

1

வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை. சமையலறையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது திருத்தணியிலிருந்து கஜபதி சாரின் குரல் பதிவு வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். போனில் பேசினாலும் பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார்.

“விஜயா, நல்லாக்கீறியாம்மா? ஏகாம்பரம் சார் போயி வர்ற மாசத்தோட ஒரு வருசம் ஆவுது. நம்ம வாசகர் வட்டத்துல மண்டபம் புடிச்சிட்டோம். மலர் ஒண்ணு போடுறோம். அவரு கூட வெளிநாட்டு ஆபீசுல வேல செஞ்சது நம்ம ஊர்ல நீ ஒருத்திதான். ரெண்டு பக்கம் எழுதிக் குடு. படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும், ஆங்?”

கேட்டு முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஏகாம்பரம் சாரைத் தெரியாதவர் எங்கள் ஊரில் யாருமில்லை. மலைக்கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைத்த குடும்பத்தில் பிறந்தவர். படித்து, பெரிய பரீட்சை எழுதி, தூதரக அதிகாரியாகி ஐந்து நாடுகளில் வேலை பார்த்தவர். சிறுகதைத் தொகுதிகள் போட்டவர். கறுப்பு மையில் பேனாவால் முகங்களை வரைவார். அடுப்புச் சூட்டில் முழங்கை வரை தோல் கறுத்துப்போன தன் அப்பாவைப் பற்றி அவர் எழுதிய கதையைக் கல்லூரி நாளில் படித்துவிட்டு நானே அழுதிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். ‘பண்பாளர்’ என்று ஒரு வார்த்தை வந்தது, அடித்தேன். ‘எளியோர் பால் இரக்கம்’ என்று வந்தது, தாளையே கிழித்தேன். மூன்று வாரத்தில் மூன்று முறை ஆரம்பித்தேன். நீங்கள் இப்போது படிப்பது அவர்கள் கேட்ட கட்டுரை இல்லை.

2

நான் இருக்கும் நாட்டின் பெயரை எழுதவில்லை. இன்னும் இங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். வளைகுடாவில் ஒரு நகரம் என்றால் போதும். கல்யாணமாகி வந்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. நம் நாட்டு அலுவலகத்தில் மூன்றாம் எண் கவுண்டரில் உட்காருகிறேன். ஆந்திர எல்லையில் பிறந்ததற்கு எனக்குக் கிடைத்த லாபம் இந்த வேலை. தமிழும் தெலுங்கும் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

காலை ஏழரைக்கு டோக்கன் கொடுக்க ஆரம்பிப்போம். கவுண்டர் கண்ணாடியில் பேசுவதற்கான ஓட்டையைக் கீழே வைத்திருக்கிறார்கள். எதிரில் நிற்பவர் குனிந்துதான் பேச முடியும். இத்தனை வருடத்தில் அதை மேலே தூக்கி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, நானும் எழுதிக் கொடுத்ததில்லை. நாள் முழுக்க நான் பார்ப்பது உச்சந்தலைகளைத்தான்.

ஏகாம்பரம் சார் இங்கே மாற்றலாகி வந்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால். முதல் நாளே என் பெயருக்குக் கீழே ஊரைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“நம்ம ஊரா? எந்தத் தெரு?”

சொன்னேன். அவ்வளவுதான், கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்த மனிதர் அப்படியே ஊர்ப் பேச்சுக்கு இறங்கிவிட்டார். “இந்த ஊர்ல மூணு வருசம் தமிழ் பேசாத செத்துடுவேனோன்னு பயந்துகினு வந்தேன். காப்பாத்திட்ட!” என்று சிரித்தார். என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது அவர்தான். என் மகள் நித்யாவுக்கு வண்ணப் பென்சில் பெட்டி வாங்கிக் கொடுத்தார். இதையெல்லாம் மறைக்க நான் விரும்பவில்லை. அவர் எனக்கு நல்லவராக இருந்தார். அந்த நன்மைதான் என் வாயை அடைத்தது.

3

முனுசாமி வந்தது அந்த வருட வைகாசி வெயிலில். தலையை அவ்வளவு தாழ்த்தி யாரும் அந்த ஓட்டையில் பேசி நான் பார்த்ததில்லை.

“மேடம், எனக்கு அவுட்பாஸ் வேணும்ங்க.”

பாஸ்போர்ட் இல்லாதவன் ஊர் திரும்ப ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் தரும் தாள் அது. இங்கே உள்ள தொழிலாளர்கள் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்வார்கள். கட்டட வேலைக்கு அழைத்து வந்த கான்ட்ராக்டர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தரவில்லை. தொழிலாளர் தங்கும் கேம்ப்பை விட்டு ஓடி வந்து ஒரு நண்பனின் அறையில் ஒளிந்திருந்தான். ஓடியவன் என்று கம்பெனி புகார் கொடுத்துவிட்டது. வெளியே போலீஸ் கையில் சிக்கினால் ஜெயில்.

“ஊருக்குப் போயாவணும்ங்க. நைனா படுத்த படுக்கையாக் கீறாரு. ஒரே புள்ள நான்.”

அப்பாவை ‘நைனா’ என்றதும் தலையை நிமிர்த்தினேன். “எந்த ஊரு?”

“கனகம்மாசத்திரம்ங்க. திருவள்ளூர்லேர்ந்து திருத்தணி போற வழில.”

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. “நானும் அந்தப் பக்கம்தான். எங்க அதிகாரியும் நம்ம ஊருதான். பயப்படாத, ஆயிடும்” என்றேன். சரிபார்த்து அனுப்புவது என் வேலை. ரேஷன் கார்டில் முனுசாமி என்று இருந்தது, பழைய பாஸ்போர்ட் நகலில் முனிசாமி. ஓர் எழுத்து வித்தியாசம். ஒழுங்கான குமாஸ்தாவாக அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு உள்ளே அனுப்பினேன்.

சார் அவனை உள்ளே கூப்பிட்டுப் பத்து நிமிடம் ஊர்க்கதை பேசினார். பிறகு வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை அழைத்தார். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு.

“விஜயா, அவன் நெத்தியப் பாத்தியா? நம்ம ஊரு ஏரி காஞ்சி வெடிச்சிருக்குமே, அப்படியே கீது. இந்த மாதிரி ஒரு முகத்தத்தான் நான் தேடிகினு இருந்தேன்.”

“அவுட்பாஸ் சார்?”

மேசையில் இருந்த ஃபைலை என் பக்கம் தள்ளினார். “எழுத்து வித்தியாசம் இருக்கே. ‘விண்ணப்பதாரரின் அடையாளம் உறுதி செய்யப்படவில்லை’ன்னு அடிச்சிக் கொண்டா.”

கான்ட்ராக்டர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று எழுதினால், அந்தக் கம்பெனிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போட வேண்டும். அதன் முதலாளி எங்கள் விழாக்களில் முன்வரிசையில் உட்காருபவர். முனிசாமிதான் முனுசாமி என்று சார் ஒரு வரி எழுதினால் போதும், எழுத அதிகாரம் இருந்தது. அதே வாரத்தில் ஒரு நகைக்கடைக்காரரின் மைத்துனர் உல்லாசப் படகில் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு வந்தார். டீ ஆறுவதற்குள் தாள் தயாராகிவிட்டது.

நான் டைப் செய்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தார்.

“இப்பக் குடுக்காத. அடுத்த வாரம் வரச் சொல்லு.”

எனக்குப் புரியவில்லை. மறுபரிசீலனை செய்யப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த வாரம் முனுசாமி வந்தான். சார் அவனை ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மடியில் அட்டையை வைத்து வரைந்தார். “அசையாத உக்காருப்பா. தாடைய இந்தாண்ட திருப்பு.” ஒரு மணி நேரம். தண்ணீர் கொடுத்தார். நான் காகிதம் வைக்கப் போனபோது முனுசாமி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தான்.

வெளியே வந்ததும் கவுண்டரில் குனிந்து ரகசியமாகக் கேட்டான்: “மேடம், அய்யா என் மூஞ்சிய எழுதிகினு இருக்காரு. போட்டோ தெளிவா இல்லன்னுதானே? இது முடிஞ்சா பேப்பர் வந்துடும் இல்ல?”

அந்தப் படத்துக்கும் தாளுக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தாள் கிடையாது என்ற கடிதம் பத்தடி தூரத்தில் இழுப்பறைக்குள் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: “வந்துடும்பா.”

மறுபடியும் வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். ஒவ்வொரு முறையும் போலீஸ் கண்ணுக்குத் தப்பி நகரத்தின் அந்த முனையிலிருந்து வர வேண்டும். மூன்றாவது முறை நான் தைரியம் வரவழைத்துக்கொண்டு சாரிடம் கேட்டேன்.

“சார், லெட்டரையாவது குடுத்துடலாமே. பாவம், அலையிறான்.”

படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “படத்துல கை இன்னும் முடியல விஜயா. லெட்டர் குடுத்துட்டா அவன் வருவானா?”

கெட்டுப்போன எதையோ தெரியாமல் கடித்துவிட்ட மாதிரி இருந்தது. தன் அப்பாவின் கறுத்த கையைப் பற்றி எழுதி என்னை அழ வைத்த மனிதர் இவர்தானா என்று பார்த்தேன். இவர்தான். ஒரு துளி வேறுபாடும் இல்லை, அதே கனிந்த முகம்.

கடைசி முறை படம் முடிந்தது. கடிதத்தை என் கையால் கொடுக்கச் சொன்னார். முனுசாமிக்கு ஆங்கிலம் தெரியாது. பூப்போல வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “படிச்சிச் சொல்லுங்க மேடம்” என்றான். சொன்னேன். அவன் கத்தவில்லை. “நான் நான்தானுங்களே மேடம்” என்று மட்டும் சொன்னான். போகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் நின்றவனைப் போலீஸ் பிடித்தது. மறுநாள் அந்த நண்பன் போன் செய்து சொன்னான். பதினொரு மாதம் உள்ளே இருந்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான் என்பதும், அதற்குள் அவன் நைனா போய்விட்டார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

4

அவன் ஜெயிலில் இருந்தபோதே கண்காட்சி நடந்தது. பெரிய ஹோட்டலின் கூடம், குளிரூட்டிய காற்று, தட்டுகளில் சின்னச் சின்ன சமோசா. நடுச்சுவரில் தனி விளக்குப் போட்டு முனுசாமி. கீழே ‘காத்திருப்பு: பெயர் அறியாத தொழிலாளி’ என்று எழுதியிருந்தது. பெயர் அறியாதவன்! அந்தப் பெயரின் ஓர் எழுத்தைக் காரணம் காட்டித்தான் அவனைத் திருப்பி அனுப்பினோம்.

பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் வாயில் சமோசாவோடு, “இந்தக் கண்ணுல எவ்ளோ பொறுமை பாருங்க” என்றாள். கான்ட்ராக்ட் கம்பெனி முதலாளியும் வந்திருந்தார். படத்தின் முன் நின்று தலையை ஆட்டி ரசித்தார். தன் கேம்ப்பில் இரண்டு வருடம் இருந்தவன் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர்கள் சிரிப்பு, சென்ட் வாசனை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் விட்டு ஓரமாக ஒதுங்கினேன். அவர்களைவிட, புதுப் புடவையில் அங்கே நின்றுகொண்டிருந்த என்னைப் பார்க்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

நித்யாவுக்கு அப்போது பதினோரு வயது. இங்கேயே பிறந்தவள், தமிழில் பாதி வார்த்தைகள் வராது. ‘வரைந்தார்’ என்ற சொல் தெரியாமல் தேடிவிட்டு, “அம்மா, இந்த அங்கிளோட மூஞ்சிய அவர் ஏன் எடுத்துக்கிட்டார்?” என்று கேட்டாள்.

“எடுத்துக்கிட்டார் இல்லடி, வரைஞ்சார்னு சொல்லணும்.”

திருத்தினேன். அம்மாவாக, மொழி தெரிந்தவளாகத் திருத்தினேன். வீடு வந்து படுத்த பிறகுதான் அவள் சொன்னதில் திருத்த எதுவும் இல்லை என்று பட்டது.

இப்போது அவளுக்கு இருபது வயது. விழாவுக்குக் கூப்பிட்டேன். “உங்க ஊருக்கு நான் எதுக்கு?” என்றாள். நம்ம ஊர் என்று அவள் சொல்வதை விட்டு எத்தனை வருடமாகிறது என்று எனக்கே தெரியாது. “எழுதாதேம்மா, வேலை போயிடும்” என்றும் சொன்னாள். அதில் அக்கறை இருந்தது. என்னிடமிருந்து கற்றுக்கொண்ட பயமும் இருந்தது.

5

கட்டுரை வராததால் கஜபதி சார், “சரிம்மா, நேர்ல வந்து அஞ்சி நிமிசம் பேசு” என்றார். லீவு போட்டுக் கிளம்பினேன். சென்னையில் இறங்கி, பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது கனகம்மாசத்திரத்தில் ஜன்னல் வழியே அந்த முகம் தெரிந்தது. பத்தடி உயர ஃப்ளெக்ஸ், நினைவு விழா அறிவிப்பு. ‘எளியோரின் தூதர்’ என்று தலைப்பு, ஓரத்தில் ஏகாம்பரம் சார், நடுவில் முனுசாமி. பெட்டியோடு இறங்கிவிட்டேன்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. ஃப்ளெக்ஸுக்கு எதிர்ப்புறம் கரும்புச் சாறு வண்டிக்காரரிடம் முனுசாமியைத் தெரியுமா என்று கேட்டேன். நிமிர்ந்தவர் அவரேதான். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி தனம் கரும்பைச் சீவிக்கொண்டிருந்தாள். அங்கே நான் ஒருமையில் பேசிய ஆள். இங்கே வாய் தானாக மரியாதைக்கு மாறிக்கொண்டது.

“கவுண்டர் மேடம்!” என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சாறு பிழிந்து கொடுத்தார்.

“அந்தப் படம்...” என்று ஆரம்பித்தேன்.

“ஆங், பாத்துகினுதான் இருக்கேன், நாலு நாளா. இன்னும் எவனும் கண்டுபுடிக்கல, நான்தான்னு.” சிரித்தார். “அய்யா பாவம், முயற்சி பண்ணாரு. மேல இருக்கறவங்க குடுக்கல போல. செத்துட்டாராமே?”

இந்த ஒன்பது வருடமும் அவர் அப்படித்தான் நம்பியிருக்கிறார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். மறுப்பு முதல் நாளே கையெழுத்தானது, டைப் செய்தது நான், ஓர் எழுத்தை வட்டமிட்டது நான், கடிதம் இழுப்பறையில் இருந்தது, படம் முடிவதற்காக அவரை அலைய விட்டது, எல்லாம்.

இயந்திரத்தை நிறுத்தினார். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“அப்போ அதுக்கப்புறம் வந்ததெல்லாம் எதுக்கு?”

“படத்துல கை முடியலைன்னார்.”

தனம் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள். “மொதல் நாளே இல்லன்னு சொல்லியிருந்தா வேற வழி பாத்திருப்பாரேம்மா! மாமா கடசி வரைக்கும் புள்ள புள்ளன்னு வாசலப் பாத்துகினே போனாரு. பக்கத்து வூட்டுப் பையன் கொள்ளி வெச்சான். உனுக்கு வாய் இல்லியா?”

அவளை முனுசாமி அடக்கவில்லை.

ஃப்ளெக்ஸைக் கைகாட்டி அவர் கேட்டார்: “நாளைக்கு அங்க பேசப் போறீங்களா?”

“ஆமா.”

“அப்ப இத்தச் சொல்லுங்க. என் பேரு போட்டு, முழுசாச் சொல்லுங்க. நான் வந்து நிக்கிறேன்.”

மறுநாள் மலையடிவாரத்துக் கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது, மேடையில் அதே படம். ஒருவர் பின் ஒருவராக வந்து மனிதநேயம், மனிதநேயம் என்றார்கள். முனுசாமியும் தனமும் கடைசியில் வாசல் ஓரம் நின்றிருந்தார்கள். என் முறை வந்தது.

“இந்தப் படத்துல இருக்கறவர் பெயர் தெரியாதவர் இல்லை. அவர் பேரு முனுசாமி. கனகம்மாசத்திரத்துக்காரர்” என்றேன்.

கைதட்டல் எழுந்தது. நம்ம பக்கத்து ஆள் என்ற சந்தோஷம். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். கஜபதி சார் மைக்கை இழுத்து, “பாத்தீங்களா! கடல் தாண்டிப் போயும் நம்ம மண்ணோட மனுசனத் தேடிப் புடிச்சி வரைஞ்சிக்கீறாரு!” என்றார். தட்டல் இன்னும் ஓங்கியது. மாலை ஒன்றை எடுத்துக்கொண்டு முனுசாமி எங்கே, மேடைக்கு வரட்டும், படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்கலாம் என்றார்கள்.

மைக் மறுபடி என் கைக்கு வந்தது. அத்தனை முகங்களும் சிரித்துக்கொண்டிருந்தன. அடுத்த வாக்கியம் வாய்வரை வந்தது. “நன்றி” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

வாசலுக்கு ஓடினேன். இருவரும் பஸ் நிலையம் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கப் போய் நின்றேன்.

“கை தட்டுனாங்களே, எதுக்கு மேடம்?” என்றார் முனுசாமி.

“உங்க பேரச் சொன்னேன்ல...”

“மீதி?”

நான் நின்றேன். அவர் குரலில் கோபமே இல்லை. “அங்க அய்யா ரூம்லயும் நீங்க இப்படித்தான் நின்னுகினு இருந்தீங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

6

திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. மூன்றாம் கவுண்டரில் அதே உச்சந்தலைகள். நேற்று ஒருவருக்கு உள்ளே மறுப்பு எழுதிவிட்டார்கள் என்று தெரிந்ததும், அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள் என்ற உத்தரவை மீறி, அவரிடம் அப்போதே சொல்லி, வேறு எங்கே போய் முறையிடலாம் என்று எழுதியும் கொடுத்தேன். என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கேட்கட்டும்.

இதை எழுதி முடித்து முதலில் கஜபதி சாருக்கு அனுப்பினேன். “செத்தவரப் பத்தி இப்படி எழுதலாமாம்மா? நம்ம ஊருக்கே அசிங்கம்” என்றார். அசிங்கம்தான் சார், நடந்ததே அசிங்கம்தான் என்றேன். போனை வைத்துவிட்டார். அதனால் வேறு இடத்துக்கு அனுப்புகிறேன்.

அனுப்பும் முன் முனுசாமிக்குப் போன் செய்து ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். வண்டி ஓரமாக ஸ்பீக்கரில் போட்டுத் தனமும் கேட்டாள். முடிந்ததும் கரும்பு இயந்திரம் ஒருமுறை ஓடி நின்ற சத்தம் கேட்டது.

“ஒண்ணு தப்பா எழுதிக்கீறீங்க மேடம்” என்றார்.

“சொல்லுங்க.”

“பஸ் ஸ்டாப்புல புடிச்சாங்கன்னு போட்டுக்கீறீங்க. யாரு சொன்னா? பஸ்ஸுல ஏறுனா கார்டு கேப்பாங்கன்னு நான் ஒரு வாட்டியும் பஸ்ஸுல வந்ததில்ல. நடந்துதான் வருவேன், நடந்துதான் போவேன். அன்னிக்கும் நடந்துகினுதான் இருந்தேன். வெயில்ல ரெண்டு மணி நேரம், வர்றதுக்கு ரெண்டு, போறதுக்கு ரெண்டு.”

“திருத்திடறேன்.”

“ஆங். அத்தயும் எழுதிட்டு, அப்புறம் போடுங்க.”